காதலும் அமானுஷ்யமும் கலந்த தொடர்கள்: தான் விதித்த விதியைக் கடைசிவரை காப்பாற்றிய கதைகள் எவை?

கேள்வி: சாரல்மழை (அட்டன்)

அனைவருக்கும் வணக்கம். உயர்தரம் படித்த காலத்திலிருந்து, காதலும் அமானுஷ்யமும் ஒன்றாக வரும் அனிமே என்னும் யப்பானிய அசைவூட்டத் தொடர்களைப் பார்த்தும், மங்கா என்னும் யப்பானியச் சித்திரக்கதைகளை வாசித்தும் வருகிறேன். அண்மைக் காலத்தில் கொரியச் சித்திரக்கதைகளான மன்வாக்களும் அதில் சேர்ந்துகொண்டன. இவ்வளவையும் கடந்து வந்த பிறகு என் மனத்தில் ஓர் அளவுகோல் நிலைத்துவிட்டது. அது சரியானதா என்று உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

ஒரு காதல் கதைக்குள் சாபமோ, பிசாசோ, தெய்வமோ வருமானால், அது அந்தக் காதலர்களுக்கு எதையாவது மறுத்தே ஆக வேண்டும். தொடக்கத்திலே ஒரு விதியைச் சொல்லிவிட்ட கதை, நாயகியின் கண்ணீரைக் கண்டு இரங்கி, கடைசி அத்தியாயத்தில் அந்த விதியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடக் கூடாது. அப்படிக் கைவிடும்போது, அதுவரை அந்த இருவரும் பட்ட துன்பத்துக்கு நான் கொடுத்த மதிப்பும் சேர்ந்தே போய்விடுகிறது.

இதற்கு நான் காட்டும் சான்று, யூகி மிதோரிகாவாவின் சிறிய மங்கா ஒன்றைத் தழுவி 2011 இல் வெளிவந்த 'ஹொதாருபி நோ மோரி எ' என்னும் படம். முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் படம் அது. முடிவையும் சொல்லப்போகிறேன் என்பதால், பார்க்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிச் செல்லுங்கள். மலைக்காட்டில் வழி தவறிய ஆறு வயதுச் சிறுமி ஹொதாரு, முகமூடி அணிந்த கின் என்னும் இளைஞனைச் சந்திக்கிறாள். மனிதக் கை பட்டால் அவன் இல்லாமல் போய்விடுவான். அதை அறியாமல் அவள் மகிழ்ச்சியோடு கட்டிப்பிடிக்க ஓடிவரும்போது, அவன் ஒரு கம்பால் அவளுடைய தலையில் அடித்துத் தடுக்கிறான். பிறகு அதே கம்பின் ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவளிடம் கொடுத்து, காட்டுக்கு வெளியே கூட்டிச் செல்கிறான். ஒவ்வொரு கோடையிலும் அவள் திரும்பி வருகிறாள். அவள் வளர்ந்துகொண்டே போக, அவன் ஏறத்தாழ அப்படியே இருக்கிறான். வளர்ந்த பெண்ணாக அவனோடு ஆவிகளின் திருவிழாவுக்குப் போகும் இரவில், இருவரும் மணிக்கட்டில் ஒரு துணியைக் கட்டி, அதன் இரு முனைகளாக நடக்கிறார்கள். தடுக்கி விழப்போன ஒரு சிறுவனைக் கின் தாங்கிப் பிடிக்கிறான். அந்தச் சிறுவன் மனிதப் பிள்ளை. கின்னுடைய விரல்கள் கரையத் தொடங்கிய பிறகுதான் அந்த இருவரும் முதன்முறையாகக் கட்டியணைத்துக்கொள்கிறார்கள். விதி கடைசி நொடிவரை விதியாகவே நிற்கிறது.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு, இப்போது வரும் மன்வாக்களில் பெரும்பாலானவை நிறைவைத் தருவதில்லை. நாயகி விபத்தில் இறந்து, தான் வாசித்த நாவலுக்குள் ஒரு பிரபுவின் மகளாகக் கண் விழிக்கிறாள். வடக்குத் தேசத்துக் குளிர்ந்த மனம் படைத்த கோமகன் ஒருவன் அவளை மணக்க முன்வருகிறான். அதன் பிறகு, அவள் இறந்து மறுபடி பிறந்தவள் என்பதே கதைக்குத் தேவைப்படுவதில்லை. உடைகளும் மாளிகைகளும் மிக அழகாக வரையப்பட்டிருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், மறுபிறவி என்னும் அவ்வளவு பெரிய விடயத்தை வாசற்படியாக மட்டும் பயன்படுத்துவது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது.

ஆகவே என் கேள்விகள் இவை. விதியைக் கடைசிவரை காப்பாற்றிய தொடர்கள் என்று நீங்கள் எவற்றைச் சொல்வீர்கள்? மன்வாக்களைப் பற்றிய என் கணிப்பு அவற்றுக்கு அநீதி செய்கிறதா?

பதில்: பனிமூட்டம் (பண்டாரவளை)

சாரல்மழை, உங்கள் அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், சாபம் நீங்கும் கதையும் நேர்மையான கதையாக இருக்க முடியும் என்பதற்கு 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' தொடரை முன்வைக்கிறேன்.

நட்சுகி தகாயா 1998 முதல் 2006 வரை எழுதிய மங்கா அது. 23 தொகுதிகள் கொண்டது. சோமா குடும்பத்தில் சிலரைச் சீன இராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளும், அந்தச் சக்கரத்தில் இடம் மறுக்கப்பட்ட பூனையும் பற்றியிருக்கின்றன. எதிர்ப்பாலினத்தவர் கட்டியணைத்தால் அவர்கள் விலங்காக மாறிவிடுவார்கள். முதற் சில பகுதிகளில் இதை ஆசிரியர் வேடிக்கையாகவே காட்டுகிறார். நானும் இது பிள்ளைகளுக்கான கதை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹதோரியின் கதை வந்த இடத்தில் எல்லாம் மாறியது. குடும்பத்தின் மருத்துவரான அவர், இரகசியத்தை அறிந்துவிட்டவர்களின் நினைவை அழிக்கும் பொறுப்பையும் சுமப்பவர். அவரோடு பணிபுரிந்த கானா அவருடைய சாபத்தை அறிந்தும் அவரை ஏற்றுக்கொள்கிறாள். திருமணத்துக்கு அனுமதி கேட்கப் போனபோது, குடும்பத் தலைமையில் இருக்கும் அகிதோவின் வெறியால் ஹதோரியின் ஒரு கண் பாதிக்கப்படுகிறது. அதற்குத் தானே காரணம் என்று எண்ணி எண்ணிக் கானா மனம் நொறுங்கிப்போகிறாள். அவளைக் காப்பாற்ற அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: தன்னைக் காதலித்த நினைவைத் தன் கையாலேயே அவளிடமிருந்து அழிக்கிறார். பின்னர் அவள் எதுவும் அறியாதவளாக, வேறு ஒருவரை மணந்து நலமாக வாழ்கிறாள். அமானுஷ்யச் சக்தி ஒருவனிடம் என்ன விலை கேட்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நீங்கள் அஞ்சுவது போல முத்தமொன்றினால் இந்தச் சாபம் உடைவதில்லை. சாபம் பெற்ற சோமாக்களுள் ஒருவனான குரேனோவைப் பற்றியிருந்த பிணைப்பு எவரும் அறியாமலே பல ஆண்டுகளுக்கு முன்பே அறுந்துபோயிருக்கிறது. விடுதலை கிடைத்த பிறகும், தனித்துவிடப்படும் அகிதோவின் மீது கொண்ட இரக்கத்தால் அவன் அந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்கிறான். சாபத்தைக் காட்டிலும் பழக்கமே மனிதரை அதிகம் கட்டிவைக்கிறது என்று ஆசிரியர் காட்டும் அந்த இடத்தைக் கவனியுங்கள். சாபம் நீங்கும்போது அவர்கள் அழுகிறார்கள். அது மகிழ்ச்சியால் மட்டும் வந்த அழுகையென்று எனக்குத் தோன்றவில்லை.

2001 இல் வந்த பழைய அனிமே, மங்கா முடிவதற்கு முன்பே 26 பகுதிகளுடன் நின்றுவிட்டது. 2019 முதல் 2021 வரை வந்த புதிய தொடரே 63 பகுதிகளில் முழுக் கதையையும் சொல்கிறது, அதைப் பாருங்கள்.

பதில்: நீர்த்தேக்கக்கரை (மஸ்கெலியா)

மிதோரிகாவாவின் பெயரைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருடைய நீண்ட தொடரான 'நட்சுமே யூஜின்சோ'வை இங்கே எவரும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. 2008 இல் அனிமேயாகத் தொடங்கி, 2024 இல் ஏழாவது பருவம் வரை வந்துவிட்டது. அதைக் காதல் கதை என்று வகைப்படுத்த முடியாதுதான். ஆனாலும் அதன் முதற் பருவத்தில் வரும் தகைவிலான் குருவிப் பெண்ணின் கதை, சாரல்மழை கேட்ட அளவுகோலில் முழுமையாக நிற்கும்.

அணைக்கட்டு ஒன்றினால் ஒரு கிராமம் நீரில் மூழ்கியிருக்கிறது. வரட்சியில் நீர் வற்றி, அந்தக் கிராமம் மீண்டும் வெளியே தெரிகிறது. அதனோடு அங்கே குடியிருந்த ஆவிகளும் வெளிவருகின்றன. அவற்றுள் ஒன்று, முன்னொரு காலத்தில் தன்மீது அன்பு காட்டிய ஒரு மனிதனை மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டுமென்று, ஆவிகளைக் காணக்கூடிய நாயகன் நட்சுமேயைப் பற்றிக்கொள்கிறது. அணிபவரை ஒரே ஓர் இரவுக்கு மட்டும் மனித உருவாகக் காட்டும் ஆடை ஒன்று, ஆவிகளின் விழாவில் பரிசாகக் கிடைக்கும். அதை அவளுக்காக வென்று கொடுக்க நட்சுமே படும் பாடுதான் கதை. ஓர் இரவு என்றால் ஓர் இரவுதான். மழை பெய்து நீர் ஏறியதும் எல்லாம் பழையபடி நீருக்கடியில் போய்விடும்.

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கும் காலங்களில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் சுவர்கள் வெளியே தெரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் பாட்டிமாரோ எந்தக் கடை எந்த இடத்தில் இருந்தது என்று கையை நீட்டிச் சொல்வார்கள். குருவிப் பெண்ணின் அந்தக் கதையைப் பார்த்த பிறகு இரண்டு நாட்களாக எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காதலும் தெய்வச் சினமும் ஒன்றாக வரும் கதை நம் மலையகத்துக்குப் புதியதன்று. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், தேவர்கள் இட்ட வேலையைச் செய்யப்போன மன்மதன் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்துபோகிறான். போக வேண்டாம் என்று அவனைத் தடுத்த இரதி, எரிந்த பிறகு அழுது முறையிடுகிறாள். அவன் மீண்டு வந்தாலும், இரதியின் கண்களுக்கு மட்டுமே தெரிவான். உயிர் திரும்பக் கிடைக்கிறது, ஊருக்குத் தெரியும் உடல் கிடைக்கவில்லை. தப்பு முழங்க, விடிய விடிய நின்று அதைப் பார்த்த சனம் இந்த அனிமேக்களின் நியாயத்தை எளிதில் புரிந்துகொள்ளும் என்பதே என் நம்பிக்கை. என் அம்மாவுக்கு 'ஹொதாருபி'யைப் போட்டுக் காட்டினேன். ஒரு சொல் யப்பானிய மொழி தெரியாமலே கடைசிக் காட்சியில் அவர் கண் கலங்கினார்.

பதில்: கைப்பேசி வாசகன் (நானுஓயா)

மன்வாக்களுக்காகப் பேச ஒருவராவது வேண்டும் அல்லவா? சாரல்மழை சொன்ன குறை உண்மையானதே. ஆனால், அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாளிகைகளும் கோமகன்களும் வரும் அந்த மன்வாக்களில் பெரும்பாலானவை இணைய நாவல்களிலிருந்து உருவானவை. காக்காவோ பேஜ் போன்ற தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாகக் காசு கொடுத்து வாசிக்கும் முறையும், காத்திருந்தால் அடுத்த அத்தியாயத்தை இலவசமாக வாசிக்கலாம் என்னும் முறையும் சேர்ந்து நடைபெறுகின்றன. வாசகர் முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் நின்றுவிட்டால் வருமானம் இல்லை. ஆகவே மரணம், மறுபிறவி, ஆபத்து எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொட்டிவிடுகிறார்கள். விதியை ஆறுதலாக விதித்து ஆறுதலாகக் காப்பாற்றும் பொறுமையை அந்தச் சந்தை எழுத்தாளருக்குக் கொடுப்பதில்லை.

அந்தச் சந்தைக்குள்ளேயே நல்லதைச் செய்தவர்களும் உண்டு. புளூட்டஸ் எழுதிய நாவலைத் தழுவி ஸ்பூன் வரைந்த 'ஹூ மேட் மீ எ பிரின்சஸ்' அப்படிப்பட்டது. நாயகி அதனாசியா தான் வாசித்த நாவலுக்குள்தான் பிறக்கிறாள். ஆனால், பேரரசனான தன் தந்தையின் கட்டளையாலேயே பதினெட்டு வயதில் கொல்லப்படுவாள் என்பது அவளுக்குத் தெரியும். சிறுபிள்ளையாக அவர் முன்னால் அவள் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பிலும் அந்த அச்சம் இருக்கிறது. அங்கே மறுபிறவி வாசற்படியாக நின்றுவிடவில்லை, வீடு முழுவதும் பரவியிருக்கிறது. அதில் தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான அன்பே முதன்மையானது, காதல் பின்னால்தான் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முழுக் காதல் கதைதான் வேண்டுமென்றால், லீ ஹை எழுதிய 'சீ யூ இன் மை நைன்டீன்த் லைஃப்' வாசியுங்கள். தன் எல்லாப் பிறவிகளையும் நினைவில் வைத்திருக்கும் பெண்ணின் கதை அது. பதினெட்டாம் பிறவியில் சிறுமியாக விபத்தில் இறந்தவள், அந்த விபத்தில் உயிர் தப்பிய சிறுவனைப் பத்தொன்பதாம் பிறவியில் தேடிப் போகிறாள். 2023 இல் இது கொரியத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது காதல் காட்சிகளல்ல. ஆணாக வாழ்ந்த முந்திய பிறவி ஒன்றில் தனக்குப் பெறாமகளாக, அதாவது சகோதரனின் மகளாக, இருந்தவளை அவள் தேடிக் கண்டுபிடிக்கிறாள். இப்போது வயதில் மூத்த அந்தப் பெண்மணி இந்த இளம் பெண்ணைச் சித்தப்பா முறை சொல்லி அழைக்கிறாள். பதினெட்டாம் பிறவியின் தங்கையோ இன்று வளர்ந்த பெண்ணாக எதிரில் நிற்கிறாள். அவளிடம் தான் யாரென்று சொல்ல முடியவில்லை. நினைவு அழியாமல் இருப்பது வரமா என்று கதை திரும்பத் திரும்பக் கேட்கிறது. சாரல்மழை எதிர்பார்க்கும் விலை இங்கே இருக்கிறது.

பழைய மன்வாக்களில் யுன் மி-கியோங் 2006 முதல் வரைந்த 'பிரைட் ஆஃப் த வாட்டர் காட்' என்பதையும் தேடிப் பாருங்கள். மழை இல்லாத ஊரில், நீர்த்தெய்வமான ஹாபெக்குக்குப் பலியாகச் சோ-ஆ என்னும் பெண்ணைத் தண்ணீரில் அனுப்புகிறார்கள். அவள் இறக்கவில்லை, அந்தத் தெய்வத்தின் மனைவியாகிறாள். பகலில் அவன் சிறுவன், இரவில் இளைஞன். இருவரும் ஒருவரே என்பது அவளுக்குத் தெரியாது. கணவனுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று அவள் கலங்குவதெல்லாம் அந்த ஒரே விதியிலிருந்து பிறக்கிறது. கதை சில தொகுதிகளில் இழுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், ஆடையின் மடிப்புகளையும் நீரையும் அப்படி வரைந்த கையை நான் அதிகம் கண்டதில்லை.

பதில்: ஊவாக் காற்று (பதுளை)

எல்லோரும் விதியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த விதியைத் தாங்கும் இருவருக்கும் இடையில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதையும் நான் கேட்க விரும்புகிறேன். நூற்றாண்டுகள் வாழ்ந்த நரியாவியும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணும் என்பது இந்த வகைக் கதைகளில் சாதாரணமாகிவிட்டது. கோரே யமசாகியின் 'ஏன்ஷன்ட் மேகஸ் பிரைட்' தொடரில் பதினைந்து வயதுச் சிசே ஏலத்தில் விற்கப்படுகிறாள். எலும்புத் தலை கொண்ட மந்திரவாதி எலையஸ் அவளை ஐம்பது இலட்சம் பவுண்களுக்கு வாங்கி, மணமகளாகப்போகிறவள் என்கிறான். முதல் பகுதியைப் பார்த்ததும் நிறுத்திவிட எண்ணினேன். பின்னால், அவளைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவளுடைய தோழியையே பலியாக்க எலையஸ் முனையும் இடத்தில், சிசே அவனை எதிர்த்து வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அந்த ஏலத்தில் இருந்த கொடுமையைக் கதை மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

2023 இல் வந்த 'மை ஹேப்பி மேரேஜ்' தொடர் என்னை வேறு காரணத்துக்காகப் பற்றிக்கொண்டது. அமானுஷ்யத் திறன் இல்லாதவள் என்று தன் வீட்டிலேயே வேலைக்காரியாக நடத்தப்பட்ட மியோ, படைத் தளபதி கியோகாவின் வீட்டுக்கு மணம் பேசி அனுப்பப்படுகிறாள். முதல் நாள் காலையில் அவள் சமைத்து வைத்த உணவை, நஞ்சு கலந்திருக்குமோ என்று சந்தேகித்து அவன் உண்ணாமல் எழுந்து போகிறான். அவள் மன்னிப்புக் கேட்டு நிலத்தில் தலை பதிக்கிறாள். பின்னர் ஒருநாள் அவன் உண்டு, சுவையாக இருக்கிறது என்று சொன்னதும் அவளுடைய கண்களிலிருந்து நீர் தானாக வழிகிறது. தோட்டங்களிலிருந்து சிறு வயதிலேயே கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தத் தலைகுனிவு அந்நியமாகத் தெரியவில்லை. இத்தொடரின் பிற்பகுதியில் மியோவுக்கும் பெரிய சக்தி இருப்பதாகக் காட்டுவது எனக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்தது. சக்தி இல்லாதவளாகவே அவள் மதிக்கப்பட்டிருந்தால் அந்தக் காதலின் பெறுமதி இன்னும் உயர்ந்திருக்கும்.

ஜூலியெட்டா சுசுகியின் 'காமிசாமா கிஸ்' தொடரை மட்டும் மனமார ஏற்கிறேன். நரியாவியான தொமோயே, தெய்வப் பொறுப்பை ஏற்ற நாயகி நானாமிக்குக் கட்டுப்பட்ட சேவகன். அதிகாரம் அவளிடம் இருக்கிறது. கடைசியில் அவளோடு வாழ்ந்து மூப்படைவதற்காக அவன் மனிதனாகவே மாறுகிறான். விலையை இங்கே ஆண் கொடுக்கிறான். அதுவும் தானே விரும்பிக் கொடுக்கிறான்.

பதில்: சாரல்மழை (அட்டன்)

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. நானுஓயா அண்ணா சொன்ன பத்தொன்பதாம் பிறவிக் கதையை நேற்றிரவே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் பக்கம் மழை பெய்தால் சிக்னல் போய்விடும் என்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது. அதை நல்ல கதை என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், சந்தையின் அவசரம் ஒரு கதையின் குறைக்குக் காரணமாகலாமே தவிர, அந்தக் குறையை நான் பொறுத்துக்கொள்ளக் காரணமாகாது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

ஊவாக் காற்று அக்கா கேட்ட கேள்வியை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இனி எந்தத் தொடரைப் பார்த்தாலும், விலை என்ன என்பதோடு அதைக் கொடுப்பவர் யார் என்றும் கேட்பேன். கின்னும் ஹொதாருவும் அந்தக் கேள்விக்கும் தாக்குப்பிடிப்பார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

'காமிசாமா கிஸ்', 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' இரண்டையும் எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டுமென்று சொல்வீர்களா? இடையில் சிறப்புப் பகுதிகள் வருவதாகத் தெரிகிறது.

பதில்: ஊவாக் காற்று (பதுளை)

'காமிசாமா கிஸ்' முதற் பருவம் 2012 இல் வந்தது, 13 பகுதிகள். இரண்டாம் பருவம் 2015 இல், 12 பகுதிகள். இரண்டையும் முடித்துவிட்டு, தொமோயேயின் கடந்த காலத்தைச் சொல்லும் 'காகோ-ஹென்' என்னும் நான்கு சிறப்புப் பகுதிகளைப் பாருங்கள், தங்கச்சி. அவற்றை முன்னதாகப் பார்த்தால் அவனுடைய பழைய காதலின் முடிச்சு முன்பே அவிழ்ந்துவிடும். அனிமேயில் வராத பகுதிகளுக்கு 25 தொகுதி மங்காவை வாசிக்க வேண்டும். 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' மூன்று பருவங்களையும் வரிசையாகப் பார்த்து முடித்த பின்னரே, நாயகி தோருவின் பெற்றோரைப் பற்றி 2022 இல் வந்த 'பிரிலூட்' படத்துக்குப் போங்கள். அந்தப் படம் தொடரின் முடிவைத் தெரிந்தவர்களுக்காக எடுக்கப்பட்டது.